சின்ன ஆசையாக இருந்தாலும் போதும்

“நமக்கு என்ன குறைன்னுதான் கேக்குறேன், அதுக்கு நீ...”

“கேக்குறீங்க, கேக்குறீங்க, இருபது வருஷமா இதையேதான் கேக்குறீங்க. பதிலை ஒரு நாளாவது...”

“நான் பேசி முடிச்சுக்கிறேன் ஜூலி.”

“நீங்க பேசி முடிச்சா கூரை ஒழுகுறது நிக்குமா? நிக்கும்னா சொல்லுங்க. விடிய விடியப் பேசுங்க, நான் உக்காந்து கேக்குறேன்.”

“ஒழுகுறது குசினியில ஒரு மூலைதானே. அங்கதான் வாளி வச்சிருக்கோமே.”

“வாளி வச்சிருக்காராம். அந்த வாளியைத் தூக்கிக்கிட்டு ஓகஸ்ட் முடிய எங்க போறது? அதைச் சொல்லுங்க.”

“எங்கயாவது ஒரு வீடு கிடைக்கும். இதுவரைக்கும் ரோட்டுலயா படுத்தோம்?”

“இது ஆறாவது வீடு.”

“ஆறும் நல்ல வீடுதான்.”

தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஜூலியட் கையை நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள். ஒஸ்வல்ட் குசினி வாசற்படியில் உட்கார்ந்து, நாளைக்குப் போடுகிற சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். முகத்தில் கோபம் என்று ஒன்று இருந்ததுதான், ஆனால் அது அவன் முகத்துக்குப் பழக்கமில்லாத கோபம். இரவல் சட்டை போட்ட மாதிரி அங்கங்கே தொங்கியது.

அவன் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஜூலியட் குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. ஒஸ்வல்ட் எடுத்தான். கண்டியிலிருந்து ஒரு ஏஜென்சிக்காரப் பெண் பேசினாள். “மிஸிஸ் ஜூலியட்டுக்கு மெடிக்கல் பாஸ். சைப்பிரஸ்ல வயசான ஒரு அம்மாவைப் பாத்துக்கிற வேலை, மூணு வருஷம். வியாழக்கிழமை பாஸ்போட்டோட வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க. இல்லாட்டி அடுத்த ஆளுக்குக் குடுத்துருவோம்” என்றாள். போன மாதம் கண்டிக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் எந்தத் துணியும் எடுக்காமல் ஏன் வந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது.

“எனக்குச் சொல்லாம மெடிக்கல் எடுத்திருக்கே.”

“சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? நமக்கு என்ன குறைன்னு கேட்டிருப்பீங்க.”

“ஆமா, கேட்டிருப்பேன்.”

“அதுதான் சொல்லலை.”

உள் அறையிலிருந்து மகள் ஷெரோமியின் குரல் வந்தது. பத்தொன்பது வயது, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள். “மம்மி, டாடி, ரெண்டு பேரும் ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க. ஜமால்தீன் அங்கிள் வீட்டுல அரைவாசிதான் விளங்கும், பாவம்.”

முன்வீடு ஜமால்தீனுடையது. அவருக்குத்தான் இந்த வீடும் சொந்தம். அலுவிகாரையில் பெரிய ரோட்டைவிட்டு மேலே ஏறினால் முன்னால் அவர் வீடு, பின்னால் இவர்கள் வாடகைக்கு இருக்கும் இரண்டு அறை. நல்ல மனிதர். ஆனால் மகள் நதாவுக்குக் கல்யாணம் பேசி முடித்தாயிற்று. அவர்கள் வழக்கப்படி பெண்ணுக்கு ஒரு வீடு கொடுக்கவேண்டும், மாப்பிள்ளை அங்கேதான் வந்து இருப்பார். ஓகஸ்ட்டுக்குள் வீட்டைக் காலி செய்து தரும்படி போன வாரம் அவரே வந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

“ரொமேஷ் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டக் கூப்பிட்டான். என் சொந்தத் தம்பி. வேணாம்னீங்க. ஞாயித்துக்கிழமை கல்யாண ஹயர் வந்துச்சு. வேணாம்னீங்க.”

“ஸ்கூல் வேன் ஓட்டுறவனுக்கு ஞாயித்துக்கிழமைதான் ஒரு நாள். வீட்ல எல்லாரும் இருக்கிற நாள். அதையும் வித்துட்டா...”

“நீங்க சந்தோஷமா இருங்க. நான் வேணாங்கலை. அந்தச் சந்தோஷத்துல எனக்கு இடம் பத்தலை, அவ்வளவுதான்.”

ஒஸ்வல்ட் துடைத்த சப்பாத்தையே திரும்பவும் துடைத்தான். சற்று நேரம் கழித்து, அவள் வைத்த சம்பலையும் ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல, “நல்லாயிருக்கு ஜூலி” என்றான். உப்புப் போட மறந்திருந்தாள் அவள்.

மறுநாள் காலையில் ஒஸ்வல்ட் வேனை எடுத்துக்கொண்டு போன பிறகு, மஸூதா ஒரு பீங்கானில் பலாக்கொட்டைக் கறியோடு பின்பக்கம் வந்தாள். ஜமால்தீனின் மனைவி. வீட்டைக் கேட்டதிலிருந்து அவள் இப்படித்தான், ஒவ்வொரு நாளும் எதையாவது மூடிக்கொண்டு வருகிறாள்.

“கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. எனக்கே ஒங்கட முகத்தப் பாக்க முகமில்ல.”

“அதுக்கு நீங்க என்ன செய்வீங்க மஸூதாக்கா. புள்ளைக்குக் குடுக்கத்தானே வேணும்.”

“ராவு சத்தம் கேட்டிச்சு.”

“கேக்காம இருக்குமா.”

“அவரு குடிக்கிறாரா?”

“இல்லக்கா.”

“கை நீட்டுறாரா?”

“சேச்சே.”

“வேற எங்கயும் பார்வை போகுதா?”

“அவரு பார்வை வேன் கண்ணாடியில பின்னால வர்ற பஸ்ஸுக்கு மேல போகாது.”

“பொறகு என்னத்துக்குத் தங்கச்சி சண்ட?”

“அதுக்குத்தான்க்கா சண்டை.” ஜூலியட் பீங்கானை வாங்கி மேசைமேல் வைத்தாள். “குடிச்சா ஏசலாம். அடிச்சா அம்மா வீட்டுக்குப் போகலாம். இந்த மனுஷன் சந்தோஷமா இருக்காரு. சந்தோஷமா இருக்கிறவரை எந்தப் பொலிஸ்ல போய்ச் சொல்றது?”

மஸூதா சிரித்தாள். சிரித்து முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “ஒங்கட அந்தோனியாருக்கு எழுதிப் போடுங்களேன். எங்கட உம்மா ஒருக்கா வஹகோட்டைக் கோயிலுக்கு மெழுகுதிரி குடுத்தனுப்பினா, காணாமப் போன மாட்டுக்கு.”

“மாடு கிடைச்சுதா?”

“கெடச்சிச்சு. எங்கட மாடில்ல.”

செவ்வாய்க்கிழமைகளில் டவுன் கோயிலில் அந்தோனியார் நவநாள் வழிபாடு. அந்தோனியார் காலடியில் ஒரு பெட்டி இருக்கும். வேண்டுதல் உள்ளவர்கள் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, பெயர் போடாமல், அதில் போடுவார்கள். நவநாள் தொடங்கியதும் பெட்டியைத் திறந்து, தமிழில் எழுதியவற்றை ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் முடிவில் சனங்கள், “புனித அந்தோனியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்பார்கள். யாருடைய வேண்டுதல் என்று யாருக்கும் தெரியாது. அதாவது, எல்லாருக்கும் ஓரளவுக்குத் தெரியும், ஆனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதுதான் அங்கே மரியாதை.

வாசிப்பது மரிய கொறற்றி டீச்சர். பதினெட்டு வருஷமாக அவர்தான். புற்றுநோய்க்கான வேண்டுதலையும் புகுமுகப் பரீட்சைக்கான வேண்டுதலையும் ஒரே குரலில், சொல்வதெழுதுதல் வாசிக்கிற மாதிரி வாசிப்பார். அவர் வாயில் எந்த வேண்டுதலும் வெட்கப்படத் தேவையில்லாததாக ஆகிவிடும். ஒஸ்வல்ட்டோ நவநாளுக்கு உள்ளே வருவதே இல்லை. அலுவிகாரையிலிருந்து ஏழெட்டுக் கிழவிகளைச் சும்மா வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, வெளியே வேனில் சாய்ந்துகொண்டு நிற்பான். டீசல் காசாவது வாங்குங்கள் என்று ஜூலியட் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். “அவங்ககிட்ட எப்படி வாங்குறது” என்பதோடு அந்தப் பேச்சு முடியும்.

இதையெல்லாம் நினைத்துப் பார்த்துத்தான் ஜூலியட் துணிந்தாள். ஷெரோமியின் பழைய கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து எழுதினாள். விசா கிடைக்கவேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தாள். பேனாவைத் தொட்டதும் வேறு ஏதோ வந்தது. நிறுத்தவில்லை. எட்டாக மடித்து, கோயிலுக்குள் போனதும் முதல் வேலையாகப் பெட்டியில் போட்டுவிட்டு, நான்காவது வாங்கில், பெண்கள் பக்கம், ஓரமாக உட்கார்ந்தாள்.

பீடத்தருகே ஃபாதர் வந்து நின்றார். மைக்கைத் தட்டினார்.

“நம்ம மரிய கொறற்றி டீச்சருக்கு நேத்து கண்டியில கண் ஒப்பரேஷன். நல்லா முடிஞ்சுது, அவங்களுக்காகவும் மன்றாடுவோம். இன்னைக்கு மன்றாட்டுக்களை வாசிக்க வெளியில நின்ன ஒருத்தரைப் புடிச்சுட்டு வந்திருக்கேன்.”

சனங்கள் சிரித்தார்கள். ஒஸ்வல்ட் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நடுவழியாக வந்துகொண்டிருந்தான். வேன் கண்ணாடி கழுவிக்கொண்டு நின்றிருப்பான் போல.

எழுந்து போய்ப் பெட்டிக்குள் கையை விடலாமா என்று ஜூலியட் ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் பெட்டியைத் திறந்து, சீட்டுகளைத் தட்டில் கொட்டி, அவன் முன்னால் வைத்துவிட்டார்கள். அவளுடைய எழுத்து அவனுக்குத் தெரியும். இருபது வருஷமாகக் கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறவள் அவள்தானே. ஒரு வேளை நேரம் போதாமல் பாதியில் நிறுத்திவிடுவார்கள். ஒரு வேளை அடியில் கிடக்கும். கரண்டாவது போய்த் தொலையட்டும் அந்தோனியாரே, என்று மனதுக்குள் இன்னொரு வேண்டுதல் வைத்தாள்.

ஒஸ்வல்ட்டின் குரல் மைக் இல்லாமலே பெரிய குரல். அதைவிட, டீச்சர் மாதிரி அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு சீட்டையும் தன்னிடம் யாரோ நேரில் வந்து சொன்ன மாதிரி வாசித்தான்.

“தொலைந்துபோன அடையாள அட்டை கிடைக்கவேண்டும், வெள்ளிக்கிழமைக்கு முன்.” நிமிர்ந்து பார்த்து, “பாவம், அவசரம் போல” என்றான்.

“புனித அந்தோனியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

“மருமகள் என்னோடு பேசவேண்டும். பேசாவிட்டாலும் பேரப்பிள்ளையைக் காட்டவேண்டும்.”

“புனித அந்தோனியாரே...”

“பக்கத்து வளவுக்காரர் எங்கள் கூரைமேல் சாய்ந்திருக்கிற பலாமரத்தை வெட்ட மனம் வைக்கவேண்டும். பழம் காய்க்கிற காலம் முடிந்த பிறகு வெட்டினாலும் போதும்.”

ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள். ஒஸ்வல்ட் அடுத்த சீட்டை எடுத்தான். எட்டாக மடித்திருந்தது. ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தான். ஜூலியட் தன் கைகளைப் பார்த்தாள்.

“புனித அந்தோனியாரே, என் வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லை.”

அவன் நின்றான். ஒரு மூச்சு விடுகிற நேரம். இருமல்கூட இல்லை கோயிலில். பிறகு அதே குரலில், கொஞ்சமும் குறைக்காமல், வாசித்தான்.

“குடிக்க மாட்டார். அடிக்க மாட்டார். எதைக் கொடுத்தாலும் நல்லாயிருக்கு என்று சொல்லிச் சாப்பிடுவார். அவருக்கு எதுவுமே வேண்டாம். அவர் சந்தோஷமாக இருக்கிறார்.”

முன்வாங்கில் இரண்டு பெண்கள் தோள் குலுங்கச் சிரிப்பை அடக்கினார்கள்.

“அவர் பக்கத்தில் நிற்கும்போது நான்தான் பேராசைக்காரி மாதிரி இருக்கிறேன். தயவுசெய்து அவருக்கும் ஏதாவது ஒன்று வேண்டும் என்ற ஆசையைக் கொடுங்கள். சின்ன ஆசையாக இருந்தாலும் போதும். தனியாக ஆசைப்பட்டுக் களைத்துவிட்டேன்.”

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பதில் மன்றாட்டை, சீட்டு வாசிக்கிறவர்தான் தொடங்கிவைக்கவேண்டும், சனங்கள் சேர்ந்துகொள்வார்கள். ஒஸ்வல்ட் தொடங்கவில்லை. சீட்டைப் பார்த்தபடியே நின்றான். கடைசியில் ஃபாதர்தான் தொடங்கினார். ஜூலியட்டும் எல்லாரோடும் சேர்ந்து சொன்னாள். ஒஸ்வல்ட்டின் வாய் மட்டும் அசையவில்லை. மற்ற சீட்டுகளைத் தட்டில் வைத்தவன், இந்த ஒன்றை மறுபடி எட்டாக மடித்துச் சட்டைப் பையில் போட்டதை அவள் பார்த்தாள்.

திரும்புகிற வேனில் கிழவிகளுக்கு வேறு பேச்சே இல்லை. ஜூலியட் முன் சீட்டில், ஒஸ்வல்ட்டுக்குப் பக்கத்தில், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“யாருடி அது, அந்த ஆசை கேட்டவ?” பின்னாலிருந்து பிலோமினாக்கா தொடங்கினாள்.

“யாரா இருந்தாலும் பாவம்” என்றாள் செசிலியாக்கா. “அந்தப் புருஷன் சரியான சோம்பேறியா இருப்பான்.”

“சோம்பேறின்னு எழுதலையே. சந்தோஷமா இருக்கான்னுதானே எழுதியிருந்தா.”

“சோம்பேறிங்கதான் சந்தோஷமா இருப்பானுங்க. என் வீட்டுக்காரன் செத்துப் பதினோரு வருஷம், உசிரோட இருந்தவரைக்கும் எவ்வளவு சந்தோஷம் அந்த மனுஷனுக்கு.”

“உனக்குக் குடுத்துவைக்கலை, அவ்வளவுதான். எனக்கு அப்படி ஒருத்தன் வாய்ச்சிருந்தா சும்மா உக்கார வச்சுச் சோறு போட்டிருப்பேன்.”

“போட்டிருப்பே, போட்டிருப்பே. மாசம் முடியத் தெரிஞ்சிருக்கும்.” செசிலியாக்கா முன்னால் குனிந்தாள். “தம்பி ஒஸ்வல்ட், நீங்கதானே வாசிச்சீங்க. நீங்க என்ன சொல்றீங்க, அந்த மனுஷன் எப்படிப்பட்டவன்?”

ஒஸ்வல்ட் கியரை மாற்றினான். தம்புள்ளைப் பக்கமிருந்து வெங்காய மூட்டை ஏற்றிய லொறி ஒன்று எதிரே வந்து கடந்துபோகும்வரை பொறுத்தான்.

“கொஞ்சம் மடையன் போலத்தான்க்கா இருக்கு” என்றான்.

“அப்படிச் சொல்லுங்க.”

“அப்படியெல்லாம் இல்லக்கா” என்றாள் ஜூலியட். வார்த்தை எப்படி வெளியே வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. “நல்ல மனுஷனா இருப்பாரு.”

“நல்ல மனுஷனா இருக்கட்டுமே. அவளுக்குக் களைப்பா இருக்காமே” என்றாள் பிலோமினாக்கா. அதற்குப் பிறகு பேச்சு பலாமரத்துக்கு மாறிவிட்டது. அது யாருடைய மரம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

கடைசிக் கிழவியையும் வீட்டு வாசலில் இறக்கி, கையைப் பிடித்துத் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டவைத்துவிட்டு வந்து ஏறினான் ஒஸ்வல்ட். வீட்டுக்குத் திரும்பும் மண்பாதைக்குள் வேனை விட்டு, மேலே ஏற்றாமல், அடியிலேயே நிறுத்தினான். இருட்டுப் பட ஆரம்பித்திருந்தது. மேலே தங்கள் வீட்டில் லைட் எரிவது தெரிந்தது. ஷெரோமி படித்துக்கொண்டிருப்பாள்.

“எழுத்தைப் பாத்ததும் நிறுத்தியிருக்கலாமே” என்றாள் ஜூலியட்.

“நிறுத்தினா எல்லாரும் என் மூஞ்சியைப் பாப்பாங்க. அப்புறம் உன் மூஞ்சியைப் பாப்பாங்க. வாசிச்சா யாருதோன்னு போயிரும்.”

“கோவமா?”

“இல்ல.”

“வெக்கமா?”

“முதல்ல கொஞ்சம். அப்புறம் அந்தக் கடைசி வரி வந்துச்சு.” அவன் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடியே இருந்தான். “களைச்சுட்டேன்னு எழுதியிருந்தே. நீ என்கிட்ட அப்படிச் சொன்னதே இல்லையே.”

“உங்ககிட்ட எதைச் சொன்னாலும் நல்லாயிருக்குன்னு சொல்லுவீங்க.”

ஒஸ்வல்ட் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு. அது அடங்கின பிறகு சொன்னான்.

“ஷெரோவுக்கு நாலு வயசு. நம்ம மூணாவது வீட்ல இருந்தோம். ஒரு நாள் சாப்பிடுறப்போ சொன்னேன், அடுத்தவன் வேனை ஓட்டி ஓட்டிப் போதும்னு ஆயிருச்சு, எனக்குன்னு ஒரு வேன் இருந்தா நல்லாயிருக்கும்னு. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“அவ்வளவுதான் சொன்னேன். ரெண்டு மாசத்துல நீ குவைத்துக்குப் போயிட்டே.”

“வேன் வந்துச்சுதானே.”

“ரெண்டாவது வருஷம் வந்துச்சு. நீ வர்றதுக்கு நாலு வருஷம் ஆச்சு.” அவன் அவள் உட்கார்ந்திருந்த சீட்டைக் கண்ணால் காட்டினான். “இதுல உக்காரணும்னு ஸ்கூல் புள்ளைங்க எல்லாம் சண்டை போடும். நான் யாரையும் உக்கார விடலை. ஒரு பேக்கைத் தூக்கி வச்சிருந்தேன், சும்மா, உள்ள ஒண்ணுமில்லாத பேக்கு. உன்னை ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்த அன்னைக்கே ஒரு முடிவு எடுத்தேன் ஜூலி. இந்த வாயால இனிமே எதுவும் வேணும்னு சொல்லக்கூடாது. நான் கேட்டா நீ போயிருவே.”

ஜூலியட் அவன் பக்கம் திரும்பினாள். அவன் திரும்பவில்லை.

“சொல்லக்கூடாதுன்னா நினைக்கவும் கூடாதுதானே. நினைச்சா எப்படியும் வாயில வந்துரும். அதனால இருக்கிறது போதும், இருக்கிறது போதும்னு சொல்லிச் சொல்லிப் பழகினேன். முதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் நெசமாவே போதும்னு ஆயிருச்சு. பொய் சொல்ல மாட்டேன், நல்லாத்தான் இருக்கேன். காலையில புள்ளைங்க ஏறி கத்துறப்போ நல்லாயிருக்கு. வாளியில தண்ணி சொட்டுறதுகூட எனக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா...”

“ஆனா?”

“எனக்குப் பழகினா உனக்கும் சேர்த்துப் பழகிரும்னு நினைச்சுட்டேன்.”

ரோட்டில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. ஜூலியட் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். தானும் ஒன்றைச் சொல்லவேண்டும் என்று தெரிந்தது. பதினொரு வருஷமாகச் சொல்லாதது.

“நானும் ஒண்ணு சொல்லலை உங்ககிட்ட. குவைத்துல நான் அழுதுகிட்டே இருந்தேன்னுதானே எல்லாரும் நினைக்கிறீங்க.”

“போன்ல அழுவியே.”

“அழுவேன். போனை வச்சதும் முகம் கழுவிட்டு வேலைக்குப் போவேன். மாசக் கடைசியில காசு அனுப்புறதுக்கு டவுனுக்கு நடந்து போவேன் பாருங்க, அந்த நடை...” அவள் சொற்களைத் தேடினாள். “அப்படி நிமிந்து நான் எங்கயும் நடந்ததில்லை. நான் அனுப்பினாத்தான் அங்க ஒரு வேன் ஓடும்னு இருந்துச்சு. எங்கம்மா மொத தடவையா என்கிட்ட யோசனை கேட்டாங்க. புள்ளையை விட்டுட்டு வந்தவ இப்படிச் சந்தோஷப்படலாமான்னு எனக்கே பயம். அழுகையும் நெசம், அதுவும் நெசம். அதனாலதான் இந்த ஏஜென்சிக்காரி பேசினதும் நான் யோசிக்கலை. சொந்த வீட்டுக்காக மட்டுமில்ல.”

நல்லாயிருக்கு என்று சொல்லிவிடுவானோ என்று ஜூலியட் பயந்தாள். அவன் சொல்லவில்லை.

“இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்றான்.

“நீங்களும்தான்.”

“ஆமா.”

“உங்களுக்குக் கஷ்டமா இருக்கா, நான் அங்க சந்தோஷமா இருந்தது?”

“இருக்கு” என்றான். யோசித்துவிட்டு, “ஆனா இல்லாம இருந்திருந்தா இன்னும் கஷ்டமா இருக்கும்” என்றான்.

ஜூலியட்டுக்குக் கண் நிறைந்தது. வேனில் எப்போதும் கிடக்கிற துண்டை எடுத்துத் துடைக்கப் போனவள், அதில் கண்ணாடி துடைத்த அழுக்கைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். ஒஸ்வல்ட் தன் லேஞ்சியை எடுத்து நீட்டினான்.

“வியாழக்கிழமை போகணும்” என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “கையெழுத்துப் போட.”

“தெரியும்.”

“இல்லாட்டி அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க.”

“தெரியும். அந்தப் புள்ளை என்கிட்டயும் சொல்லுச்சு.” அவன் இப்போதுதான் அவள் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தான். “நான் சொல்றதைக் கேளு. ஞாயித்துக்கிழமை ஹயர் எடுக்கிறேன். ரொமேஷ்கிட்டப் பேசுறேன், லீவு நாள்ல லொறி ஓட்டலாம். நீயும் டவுன்ல ஏதாவது வேலைக்குப் போறதுன்னா போ, நிமிந்து நட, நான் கொண்டுபோய் விடுறேன். ஆனா உன்னை ஏமாத்த மாட்டேன். இதெல்லாம் செஞ்சாலும் அந்த வீடு வராது. இன்னும் பத்து வருஷத்துக்கு வராமப் போகலாம். ஏழாவது வீடு, எட்டாவது வீடுன்னு வாளியைத் தூக்கிக்கிட்டுத்தான் போவோம். நீ சைப்பிரஸ் போனா மூணு வருஷத்துல வரும். இதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் பேசுறேன்.”

“என்ன பேசப்போறீங்க?”

அவன் சட்டைப் பையைத் தொட்டான், கையை எடுத்தான். பதினைந்து வருஷமாகப் பழக்கம் விட்டுப்போன ஒரு காரியத்தைச் செய்கிறவனுக்கு இருக்கிற தடுமாற்றம் அவன் வாயில் தெரிந்தது. மேலே ஷெரோமி வாசலுக்கு வந்து, வேன் ஏன் ஏறாமல் நிற்கிறது என்று எட்டிப் பார்த்தாள். பிறகு ஏதோ விளங்கின மாதிரி உள்ளே போய்விட்டாள்.

“எனக்கு ஒண்ணு வேணும் ஜூலி” என்றான் ஒஸ்வல்ட். “நீ இங்கயே இருக்கணும்னு கேட்டா, குடுப்பியா?”